கோணம் தெரியாமல் பறக்கலாமா?

சிறு விமானங்களைத் தரையில் வீழ்த்தும் ‘ஸ்டால்’ விபத்துகளைத் தடுக்க ஒரு கருவி இருக்கிறது. அதை வாங்கிப் பொருத்தினால் மட்டும் போதுமா?

நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானத்தின் முகப்புப் பலகையில் எத்தனையோ அளவுகள் தெரியும். வேகம், உயரம், திசை, எஞ்சினின் சுழற்சி, எண்ணெயின் அழுத்தம், தொட்டியில் மிச்சமிருக்கும் எரிபொருள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு முள்ளோ எண்ணோ உண்டு. விமானத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் இறக்கை இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டத்தான் பெரும்பாலான சிறு விமானங்களில் எதுவும் இல்லை. அதைக் காட்டும் கருவி புதிதல்ல. அமெரிக்கக் கடற்படை விமானிகள் 1950களிலிருந்தே அதைப் பார்த்து விமானந்தாங்கிக் கப்பல்களில் இறங்கி வருகிறார்கள். தாக்குகோணமானி என்று அதைச் சொல்லலாம். சொந்த விமானம் வைத்திருப்போர், வார இறுதியில் வாடகைக்கு எடுத்துப் பறப்போர், பயிற்சி மாணவர்கள் ஆகியோருக்கு இது தேவையா, வீண் செலவா என்ற விவாதம் அமெரிக்காவில் நெடுநாளாக நடக்கிறது. கிடைக்கும் சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், தேவை என்ற பக்கமே தட்டு தாழ்கிறது. ஆனால் கருவியின் பயன் அதைப் பொருத்திய நாளில் வந்துவிடுவதில்லை. அதைக் கொண்டே பறக்கப் பழகும்போதுதான் வருகிறது. பயிற்சி இல்லாத கருவி முகப்புப் பலகையில் இன்னொரு விளக்காகவே நின்றுவிடும்.

வேகம் சொல்லாத உண்மை

இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கும் எதிர்வரும் காற்றின் திசைக்கும் இடையே இருப்பது தாக்குகோணம். கோணம் கூடக்கூட இறக்கை தரும் தூக்குவிசையும் கூடும். சாதாரணச் சிறு விமானத்தில் இது ஏறத்தாழ 15 முதல் 18 டிகிரி வரை நடக்கும். அதைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து கலைந்துவிடும். தூக்குவிசை சரியும், இழுவிசை பெருகும், விமானம் கீழே இறங்கும். இதுதான் ஸ்டால். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை; எஞ்சின் முழு விசையில் உறுமிக்கொண்டிருக்கும்போதும் இறக்கை ஸ்டால் ஆகலாம். மனிதன் பறக்கத் தொடங்கிய காலத்திலேயே இது உயிர் வாங்கியது. 1896 ஆகஸ்ட் 9 அன்று ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தாலின் கிளைடர் மூக்கை மேலே தூக்கி, தாங்கும் திறன் இழந்து விழுந்தது. மறுநாள் அவர் இறந்தார்.

விமானிகள் இந்தக் கோணத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. வேகமானியைப் பார்த்து ஊகிக்கிறார்கள். இன்ன வேகத்துக்குக் கீழே போகாதே என்பதுதான் பயிற்சியில் கிடைக்கும் பாடம். செஸ்னா 172எஸ் ரகத்தை எடுத்துக்கொள்வோம். 2,550 பவுண்டு முழு எடையில், ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகட்டை) இறக்காமல் நேராகப் பறக்கும்போது அது 53 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும். அதே விமானத்தை 45 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திருப்பினால் 63 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். 60 டிகிரி சாய்த்தால் 75 நாட்டில். காரணம் எளிது. திரும்பும்போது இறக்கை விமானத்தின் எடையைத் தாங்குவதோடு அதை வளைத்தும் இழுக்க வேண்டும். 60 டிகிரி சாய்வில் அந்தச் சுமை இரண்டு மடங்காகும். சுமையைத் தாங்க விமானி கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுக்கிறார், கோணம் ஏறுகிறது. எடை குறைந்தாலோ கணக்கு மறுபக்கம் மாறும். ஃபிளாப்பை முழுக்க இறக்கிய நிலையில் முழு எடைக்கு 48 நாட்டாக இருக்கும் ஸ்டால் வேகம், 2,000 பவுண்டில் 43 நாட்டுக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். வேகமானியில் தீட்டியிருக்கும் பச்சை, வெள்ளை வளைவுகளின் கீழ்முனை, முழு எடையில் நேராகப் பறக்கும் விமானத்துக்கான ஸ்டால் வேகத்தையே குறிக்கிறது. மற்ற நிலைகளில் எல்லை எங்கே என்று விமானி மனத்துக்குள் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

எடையோ சாய்வோ மாறினாலும் மாறாமல் நிற்பது ஸ்டால் ஆகும் கோணம். ஃபிளாப்பை இறக்கினால் அது சற்று மாறும், பனி படிந்தால் குறையும்; மற்றபடி அது அந்த இறக்கைக்கே உரிய எண். சிறந்த சறுக்கு நிலையும் அப்படியே. எஞ்சின் நின்றபின் மிக நீண்ட தூரம் சறுக்கிப்போக உதவும் வேகம் எடைக்கு ஏற்ப மாறும். அதற்கான கோணம் மாறாது. 1944இல் வெளிவந்த ‘ஸ்டிக் அண்ட் ரடர்’ நூலில் வுல்ஃப்காங் லாங்கவீஷே பறத்தல் கலையின் மையத்தில் வைத்தது இந்தக் கோணத்தைத்தான். அந்த நூலை இன்றும் பயிற்சியாளர்கள் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். இருந்தும் அதில் முதலிடம் பெற்ற அளவைக் காட்டும் கருவி, அந்த மாணவர்கள் ஏறும் பெரும்பாலான விமானங்களில் இல்லை.

ஆயிரம் அடிக்குக் கீழே

கருவியின் தேவையை எடைபோட, விபத்துகள் எங்கே நடக்கின்றன என்று பார்க்க வேண்டும். 2001 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த சிறு விமான உயிரிழப்பு விபத்துகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில், விமானி பறக்கும்போதே கட்டுப்பாட்டை இழந்திருந்தார் என்று அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது. 2015இல் தன் முன்னுரிமைப் பட்டியலில் இதற்கு இடமும் கொடுத்தது. கட்டுப்பாட்டை இழப்பதற்கு முக்கியமான வழி ஸ்டாலும் அதைத் தொடரும் சுழல் வீழ்ச்சியும்தான். விமான உரிமையாளர்கள், விமானிகளின் சங்கமான ஏஓபிஏவின் பாதுகாப்பு அமைப்பு 1991 முதல் 2000 வரை நடந்த 465 ஸ்டால், சுழல் விபத்துகளை ஆராய்ந்தது. அவற்றில் குறைந்தது 80 சதவீதம் தரையிலிருந்து 1,000 அடிக்கும் குறைவான உயரத்தில் தொடங்கியிருந்தன. 1970களில் நாசா நடத்திய சோதனைகளிலோ, பழக்கமான சிறு விமானங்கள் ஒரு சுற்றுச் சுழன்று மீள்வதற்கே ஏறத்தாழ 1,200 அடி உயரத்தை இழந்தன. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. பெரும்பாலான ஸ்டால் விபத்துகளில் மீளும் திறமைக்கு வாய்ப்பே இருக்கவில்லை. ஆகவே ஸ்டாலில் விழுந்தபின் என்ன செய்வது என்ற பாடத்தைவிட, விழாமல் இருப்பதற்கான தகவல்தான் அந்த உயரத்தில் உயிரைக் காக்கும்.

ஓடுபாதையை நோக்கிக் கடைசியாகத் திரும்பும் வளைவில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பின்காற்று தள்ளிவிட, விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போகிறது. தரை நெருக்கத்தில் அதிகம் சாய்க்க விமானி தயங்குகிறார்; பதிலாக ரடரை (வாலிலுள்ள சுக்கானை) மிதித்து மூக்கை உள்பக்கம் தள்ளுகிறார். சாய்வு கூடப் பார்க்கிறது. அதைத் தடுக்கப் பிடியை எதிர்ப்பக்கம் திருப்புகிறார். மூக்கு கீழே இறங்குகிறது. பிடியைப் பின்னால் இழுக்கிறார். ஒவ்வொரு அசைவும் அந்தக் கணத்தின் தேவைக்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் எல்லாம் சேர்ந்து உள்பக்க இறக்கையின் கோணத்தை எல்லைக்கு மேல் ஏற்றுகின்றன. அது முதலில் ஸ்டால் ஆகி, விமானத்தைப் புரட்டிக் கீழே வீசுகிறது. வேகமானியோ பாதுகாப்பான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்திருக்கலாம். மேலெழும்பும்போதும், இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் எழும்பும்போதும் இதே தவறு வேறு வடிவில் நேர்கிறது.

இருக்கும் எச்சரிக்கை ஏன் போதவில்லை?

சிறு விமானங்களில் ஸ்டால் எச்சரிக்கை ஒன்று ஏற்கெனவே உண்டு. லெனார்ட் கிரீன் 1946இல் தொடங்கிய சேஃப் ஃபிளைட் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. இறக்கையின் முன்விளிம்பில் சிறு தகடு ஒன்று காற்றின் போக்கால் மேலெழுந்து சுவிட்சைத் தட்டும். செஸ்னா 172இல் தகடு இல்லை, காற்று உறிஞ்சப்பட்டு ஊதல் ஒலிக்கும். ஸ்டால் வேகத்துக்குக் குறைந்தது 5 நாட் முன்பாகவாவது எச்சரிக்கை வர வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதியாக நெடுங்காலம் இருந்தது. இந்த ஊதல் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டு செய்திகளையே சொல்லும். எல்லையை நோக்கி எவ்வளவு விரைவாகப் போகிறோம், எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பதைச் சொல்லாது. பெட்ரோல் தீரும் தறுவாயில் எரியும் சிவப்பு விளக்கும், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எப்போதும் காட்டும் முள்ளும் ஒன்றாகிவிடுமா?

இன்னொரு சிக்கல், காது பழகிப்போவது. நல்ல தரையிறக்கங்கள் பலவற்றில் சக்கரம் தரையைத் தொடும் தருணத்தில் அந்த ஊதல் ஒலிக்கும். எனவே மாணவர் மனத்தில் அது வெற்றியின் ஒலியாகவும் பதிந்துவிடுகிறது. மெதுவாகப் பறக்கும் பயிற்சியையும் முன்பெல்லாம் ஊதல் ஒலித்துக்கொண்டிருக்கும் வேகத்திலேயே செய்யச் சொன்னார்கள். 2016இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தேர்வு விதிகளை மாற்றி, ஊதல் ஒலிக்காத வேகத்தில் அந்தப் பயிற்சியைச் செய்யச் சொன்னது. எச்சரிக்கையைக் கேட்டும் கேளாமல் பறக்கும் பழக்கம் வரக்கூடாது என்பதே நோக்கம். எச்சரிக்கை ஒலி மட்டுமே போதும் என்போர் இந்த மாற்றத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கோணமானி அந்த ஒலிக்கு முன்னாலுள்ள பரப்பைக் காட்டுகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குகள் ஏறும். பிடியைச் சற்றுத் தளர்த்தினால் உடனே இறங்கும். தன் கை என்ன செய்கிறது என்பதை விமானி அந்தக் கணத்திலேயே பார்க்கிறார்.

2014 வரை இந்தக் கருவிக்கு ஒப்புதல் பெறுவது தயாரிப்பாளர்களுக்குச் சுமையாக இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் எஃப்ஏஏ நடைமுறையை எளிதாக்கியது. கருவி குறிப்பிட்ட தொழில்துறைத் தரத்தில் செய்யப்பட்டதென்று உறுதியளித்து ஒப்புதல் பெறலாம். விமானத்தின் கட்டாயக் கருவிகளுக்குத் துணையாக மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அசையும் தகடு, இரண்டு துளைகளின் அழுத்த வேறுபாட்டை அளக்கும் முனை என்று வகைகள் பல. வீட்டிலேயே விமானம் கட்டுவோர் அதற்கும் முன்பிருந்தே இவற்றைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

மறுப்புகள்

முதல் மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வருகிறது. வேகத்தைக் காத்து, கையில் பிடியின் கனத்தை உணர்ந்து பறக்கும் நல்ல விமானிக்கு இது எதற்கு என்கிறார்கள். அமைதியான வானில், தெளிந்த மனத்தோடு பறப்பவருக்கு அது உண்மையே. ஆனால் ஸ்டால் விபத்துகள் கவனம் சிதறிய நேரத்தில் நடக்கின்றன. எஞ்சின் இருமும்போதும், எதிரே வேறு விமானம் வரும்போதும், ஓடுபாதை கைநழுவிப் போகும்போதும் விமானியின் மனம் அங்கே போய்விடுகிறது. பிடியின் கனத்தை உணரும் நுண்ணுணர்வு அந்தச் சில நொடிகளில்தான் முதலில் மங்குகிறது. எடை, சாய்வு, காற்றின் குலுக்கல் எல்லாவற்றையும் சேர்த்து மனக்கணக்குப் போடும் திறனும் அப்போதுதான் குறைகிறது. அந்தக் கணக்கைப் போட்டு முடிவை நேரே தரும் கருவி, திறமையானவருக்கும் பயன்படும்.

இரண்டாவது மறுப்பு கண்களைப் பற்றியது. வெளியே பார்க்க வேண்டிய நேரத்தில் விமானியின் பார்வையை இன்னொரு கருவி உள்ளே இழுத்துவிடாதா? இது நியாயமான கவலை. கருவியை எங்கே, எப்படி வைப்பது என்பதையே இது தீர்மானிக்க வேண்டும். முகப்புப் பலகையின் மூலையில் சிறு திரையாக இருந்தால் பயன் குறைவு. கண்ணாடிக்குக் கீழே, வெளியே பார்க்கும் கண்ணின் ஓரத்தில் தெரியும்படி வைத்தால் பயன் கூடும். ஒலியாக வந்தால் இன்னும் நன்று. எஃப்-4 ஃபேன்டம் போர் விமானத்தில் கோணத்துக்கேற்ப மாறும் தொனி விமானியின் காதில் ஒலித்தது. கண் வெளியே இருக்க, காது கோணத்தைக் கவனித்துக்கொண்டது. சிறு விமானங்களிலும் இத்தகைய ஒலி சாத்தியமே. கடைசி வளைவில் கண்ணை உள்ளே இழுக்காமல் செய்தியைச் சேர்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாவது மறுப்பு கடுமையானது. எச்சரிக்கை இருந்தும் விமானி தவறாகவே செய்தால் என்ன பயன்? 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். வேகம் குறைய, பிடி அதிர்ந்து எச்சரித்தது. விமானி முன்னால் தள்ளுவதற்குப் பதில் பின்னால் இழுத்தார். 2017 நவம்பர் 7 அன்று பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே ஃபுளோரிடா கடலோரத்தில் இறந்தபோது ஓட்டிய ஐகான் ஏ5, கோணமானியை முகப்பில் பெரிதாக வைத்து வடிவமைக்கப்பட்ட விமானம். தண்ணீருக்கு மிக அருகில் செங்குத்தாக ஏறி இறங்கித் திருப்பிய பறத்தலை எந்தக் கருவியும் தடுக்கவில்லை. இந்த இரண்டையும் மறைக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். தாழப் பறந்து வித்தை காட்டும் முடிவைக் கோணமானி மாற்றாது. கோல்கன் விபத்தின் பாடமோ வேறு. எல்லையருகே திடீரென வந்த எச்சரிக்கை திகைப்பைத் தந்தது. கை பழகாத வழியில் போனது. கோணம் ஏறுவதைப் படிப்படியாகப் பார்த்து, தளர்த்தினால் இறங்கும் என்பதை நூறு முறை செய்து பழகிய கைக்குத் திகைப்பும் குறையும், எந்தப் பக்கம் தள்ளுவது என்ற குழப்பமும் குறையும்.

நான்காவது, கருவியே பொய் சொன்னால்? 2018 அக்டோபரில் லயன் ஏர் விமானத்தில் 189 பேரும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 157 பேரும் இறந்த போயிங் 737 மேக்ஸ் விபத்துகளில், கோணத்தை அளக்கும் ஒரே ஓர் உணரியின் தவறான அளவுதான் தொடக்கம். ஆனால் அங்கே அந்த அளவை நம்பி மென்பொருளே வாலை அசைத்து மூக்கைக் கீழே தள்ளியது. சிறு விமானத்தின் கோணமானி எதையும் அசைப்பதில்லை. செய்தி மட்டும் தருகிறது. வேகமானியோடு அது முரண்பட்டால் விமானி இரண்டையும் சந்தேகிக்கலாம். வேகமானியும் தவறாதது அல்ல. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்ததற்கு முன், காற்றழுத்தக் குழாய்களில் பனிப்படிகம் அடைத்து வேகத்தின் அளவுகள்தான் குழம்பின. விமானிகள் நேரடியாகப் பார்க்கும்படி கோணத்தைக் காட்டுவது பற்றி ஆராய வேண்டும் என்று பிரெஞ்சு விசாரணை அமைப்பு பரிந்துரைத்தது. கருவிக்கும் வரம்புகள் உண்டு. சரியாக அளவுதிருத்தம் செய்யாவிட்டால் அது ஏமாற்றும். சுத்தமான இறக்கைக்கு அமைத்த அளவு, பனி படிந்த இறக்கைக்குப் பொருந்தாது. விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்பதைக் கோணமானி காட்டாது. அதற்குப் பழைய பந்துமானியைத்தான் பார்க்க வேண்டும். இந்த வரம்புகளைக் கற்றுத்தர வேண்டும். அவற்றையே காரணமாக்கிக் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை.

கடைசி மறுப்பு பணத்தைப் பற்றியது. கருவிக்கும் பொருத்துவதற்கும் ஆகும் சில ஆயிரம் டாலரைப் பயிற்சியாளரோடு கூடுதல் மணிநேரம் பறக்கச் செலவிட்டால் இன்னும் பலன் கிடைக்காதா? விபத்து குறைந்ததற்குச் சான்று எங்கே என்றும் கேட்கிறார்கள். நடக்காமல் தவிர்ந்த ஸ்டால் எந்த விசாரணை அறிக்கையிலும் பதிவாவதில்லை. எனவே இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்வது கடினம். ஆனால் பயிற்சியா, கருவியா என்று எதிரெதிராக நிறுத்துவதே தவறு. பயிற்சியாளர் வாயால் சொல்லும் கோணத்தை மாணவர் கண்ணால் பார்த்தால், அதே மணிநேரத்தில் பாடம் ஆழமாகப் பதியும்.

பழக்கமே பாதுகாப்பு

கடற்படையின் அனுபவம் சொல்வதும் இதைத்தான். அங்கே கோணமானி ஆபத்து வந்தால் பார்க்கும் துணைக்கருவியாக இருக்கவில்லை. ஒவ்வொரு இறக்கமும் அதைக் கொண்டே நடக்கிறது. எடை எவ்வளவாக இருந்தாலும் சரியான கோணத்தைப் பிடித்தால் இறங்கும் வேகமும் சரியாகவே அமையும். எல்லா நாளும் பயன்படுத்தும் கருவி, நெருக்கடி நாளிலும் கைகொடுக்கும்; என்றோ ஒருநாள் மட்டும் கண்ணில் படும் விளக்குக்கு அந்த வலிமை கிடையாது. சிறு விமான உலகில் கோணமானியைப் பொருத்தியவர்களில் சிலர் அதை மறந்துபோவதற்குக் காரணம், வேகத்தைக் கொண்டே பறக்கப் பழகிய மனம் அதைத் தேடுவதில்லை என்பதே.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் பயிற்சிப் பள்ளி. முதல் வாரத்திலேயே மாணவருக்குக் கோணம் ஏறுவதையும் இறங்குவதையும் காட்ட வேண்டும். தனியாகவும், இருவராகவும், முழுச் சுமையோடும் பறந்து, ஒரே கோணத்தில் வேகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கச் செய்ய வேண்டும். பாதுகாப்பான உயரத்தில் சாய்ந்து திரும்பும்போது, பிடியை இழுத்தால் இடைவெளி எப்படிச் சுருங்குகிறது என்று காதால் கேட்கச் செய்ய வேண்டும். பரிந்துரைத்த இறங்கு வேகத்தைக் கைவிட்டு, கருவியை நம்பி இன்னும் மெதுவாக இறங்கும் ஆசையை அப்போதே தடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் இடைவெளியைக் காட்டுவது அதைச் செலவழிப்பதற்காக அல்ல. இந்தியப் பயிற்சிப் பள்ளிகளிலும் இதே செஸ்னா 172 பறக்கிறது, அதே வளைவில் அதே இறக்கை திரும்புகிறது என்பதால் இது அமெரிக்காவோடு நிற்கும் விஷயமும் அல்ல.

சிறு விமானிக்குக் கோணமானியால் பயன் உண்டு. தாழ்ந்த உயரத்தில், கவனம் வேறெங்கோ இருக்கும் சில நொடிகளில், வேறு எந்தக் கருவியும் நேரடியாகத் தராத ஒரு தகவலை அது தருகிறது. ஆனால் அந்தப் பயனைப் பெறும் பொறுப்பு விமான உரிமையாளரின் பணப்பையில் மட்டும் இல்லை. பாடத்திட்டத்தை வகுப்போரும், தேர்வு விதிகளை எழுதுவோரும், பள்ளி விமானங்களை வாங்குவோரும் அதில் பங்கேற்க வேண்டும். இறக்கையின் எல்லையை விமானிக்குக் காட்டாமல் ஊகிக்கவிட்டு, ஊகம் தவறிய நாளில் விமானியின் பிழை என்று அறிக்கை எழுதி முடிப்பது நியாயமாகாது.